விசுவமடுப் பக்கத்தில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் எங்கே நடக்கிறது?

மேசன் தம்பி:

வணக்கம். நான் விசுவமடுவைச் சேர்ந்தவன். வயது 38. மேசன் வேலை. இன்றுடன் குடிக்காமல் 23 நாட்கள். அதில் முதல் 9 நாட்கள் வைத்தியசாலைக் கட்டிலில் கழிந்தன. ஆகவே அவற்றை என் கெட்டித்தனத்தில் சேர்க்க முடியாது.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒன்று சொன்னார். மருந்து பாதி வேலையைத்தான் செய்யுமாம். மீதிக்கு, குடியை விட்ட மற்றவர்களோடு கிழமைக்கு ஒரு தடவையாவது போய் உட்கார வேண்டுமாம். எங்கே என்று கேட்டேன். கொழும்பில் நடக்கிறது என்றார். வன்னியில் என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. வெளியே வரிசை தேநீர்க் கடைவரை நின்றது.

என் கதை புதிய கதையல்ல. 2009இல் போர் முடியும் முன் நான் சாராயம் தொட்டதில்லை. முகாமிலிருந்து திரும்பி வந்து, 2011இல் வீட்டுத்திட்ட வேலைகள் தொடங்கியபோது மேசன்மாருக்கு நல்ல கிராக்கி. கையில் காசு இருந்தது, இரவில் நித்திரை இல்லை. கால் போத்தல் குடித்தால் நித்திரை வந்தது. கால் அரையாகி, அரை முழுப் போத்தலாகி, காசு கட்டுப்படியாகாத நாளில் கசிப்பில், அதாவது கள்ளச்சாராயத்தில், போய் நின்றேன். கடைசி வருடம் காலையில் ஒரு மிடறு உள்ளே போகாமல் சாந்தகப்பை கையில் நிற்கவில்லை. தூக்குக்குண்டு நேராகத்தான் தொங்கும். அதைப் பிடித்த கைதான் ஆடும்.

இப்போது பயம் சனிக்கிழமையில்தான். அது கூலி நாள். அத்தோடு கொன்கிரீட் போடும் வேலையும் பெரும்பாலும் அன்றைக்குத்தான் விழும். கொன்கிரீட் நாளில் வீட்டுக்காரர் வேலையாட்களுக்குப் போத்தல் வாங்கி வைப்பது இங்கே எழுதாத சட்டம். வாங்கி வைக்காவிட்டால் கூரை இறுகாது என்பது போலப் பேசுவார்கள்.

தனியார் நிலையம் ஒன்றில் 3 மாதம் விடலாம் என்று மச்சான் சொன்னார். அதன் பலகையில் "புனர்வாழ்வு" என்று எழுதியிருந்தது. அம்மா அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டார். அண்ணாவை 2009இல் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் தடுப்பு முகாமுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் 2 வருடத்தில் திரும்பி வந்தார். அம்மாவுக்கு அந்தச் சொல் இன்னும் ஆகாது. ஆகவே அது வேண்டாம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பரந்தன், கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு எங்கென்றாலும் போவேன். அங்கே பெயர் பதிய வேண்டுமா? மதம் மாற்றுகிற கூட்டமா? இரண்டாவது கேள்வி என் மனைவியுடையது.

நெடுங்கேணியான்:

தம்பி, கூட்டம் கீட்டம் எல்லாம் தேவையில்லை. மனவுறுதி இருந்தால் போதும். ஐயப்பனுக்கு மாலை போடுங்கள். எங்கள் ஊரில் எத்தனையோ பேர் அப்படித்தான் விட்டார்கள்.

பழைய லொறிக்காரன்:

நெடுங்கேணித் தம்பி, கோபிக்காதீர்கள். நானும் மாலை போட்டவன்தான், அதுவும் 3 முறை. 41 நாளும் சுத்தம். 42ஆம் நாள் எங்கே நின்றேன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வற்றாப்பளை அம்மாளிடமும் சத்தியம் செய்தேன், அம்மாளுக்குத்தான் பாவம். விரதத்தில் பிழையில்லை. அதற்கு முடிவு நாள் ஒன்று இருக்கிறது, நான் அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அதுதான் பிழை.

மேசன் தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு வயது 57. நெல்லும் மணலும் ஏற்றி ஏ9 வீதியில் 20 வருடத்துக்கு மேல் லொறி ஓடினேன். விட்டு 9 வருடம். கடைசியாக வண்டியை வாய்க்காலுக்குள் இறக்கிய பிறகு, கொழும்பில் இருந்த ஒன்றுவிட்ட தம்பி என்னைப் பிடித்துக்கொண்டுபோய் ஒரு கூட்டத்தில் இருத்தினான். எல்லாம் சிங்களமும் ஆங்கிலமும். ஒரு சொல் விளங்கவில்லை. எதிரே ஒரு மனிதர் பிளேன்டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, கோப்பை பல்லில் தட்டத் தட்டக் குடித்தார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரும் அதைப் பார்க்காதது போலவும் இல்லை, பார்த்துச் சிரிக்கவும் இல்லை. அது எனக்கு விளங்கியது. அடுத்த கிழமையும் போனேன்.

இந்தக் கூட்டங்களை உலகம் முழுக்க ஏ.ஏ. என்று சொல்வார்கள், அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்பதன் சுருக்கம். தமிழ்நாட்டுத் தமிழில் நம்மைக் "குடிநோயாளி" என்கிறார்கள். ஊரில் நமக்கு வைத்திருக்கும் பெயர்களோடு ஒப்பிட்டால் மரியாதையான சொல்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது உங்களைப் போலத்தான் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது எனக்கு இது தொடங்கிய கதை நினைவுக்கு வந்தது. 1935இல் அமெரிக்காவில் பில் என்றொரு பங்குச்சந்தைக்காரர், சில மாதம் குடிக்காமல் இருந்தவர், வியாபாரம் ஒன்றுக்காக அக்ரன் என்ற ஊருக்குப் போகிறார். வியாபாரம் கவிழ்ந்துவிட்டது. ஹோட்டல் முன்கூடத்தில் தனியே நிற்கிறார், ஒரு பக்கம் மதுச்சாலையின் சத்தம். அவர் அங்கே போகாமல் தொலைபேசியை எடுத்து, அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவரை அழைக்கிறார். எதற்கு? தன்னோடு பேச ஒரு குடிகாரரைக் காட்டித் தரும்படி கேட்க. கடைசியில் பொப் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரைக் காட்டுகிறார்கள். அவர் 15 நிமிடம்தான் இருப்பேன் என்று வந்து, 6 மணித்தியாலத்துக்கு மேல் இருந்துவிட்டார். அந்த ஊரிலும் அன்றைக்குக் கூட்டம் இருக்கவில்லை, தம்பி. இரண்டு பேர் இருந்தார்கள்.

எனக்குக் கிடைத்த இரண்டாவது ஆள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தவர். என் வளவு வேப்பமரத்துக்குக் கீழே இரண்டு கதிரை போட்டோம். ஞாயிறு பின்னேரம் 4 மணி. மழை என்றால் மாட்டுக்கொட்டில். ஒன்றரை வருடம் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சில ஞாயிறு அவர் பேசுவார், நான் கேட்பேன். சில ஞாயிறு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது, அணில் ஓடுவதைப் பார்த்துவிட்டு எழும்புவோம். ஆனால் 4 மணியை விட்டதில்லை.

மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் வந்த பிறகுதான் சிக்கல். வன்னியில் நாலு ஆண்கள் கிழமைக்கு ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதலில் கிராம சேவகர் வந்தார். பிறகு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், சிவில் உடுப்பு. "என்ன கூட்டம், யார் நடத்துவது, காசு எங்கிருந்து வருகிறது?" வாத்தியார் எழும்பி, "நாங்கள் நாலு பேரும் குடிகாரர்கள். குடிக்காமல் இருப்பது எப்படி என்று பேசுகிறோம். இருந்து கேளுங்கள்" என்று இரண்டு கதிரையை இழுத்துப் போட்டார். ஒருவர் தேநீரோடு போய்விட்டார். மற்றவர் முடியும்வரை இருந்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்போது ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறையில் கூடுகிறோம். எந்தத் தேவாலயம் என்று பொதுவில் எழுதமாட்டேன், உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: பாதர் சாவியைத் தருவார், தலையைக் காட்டமாட்டார். குடியை விடுவதற்கு ஏ.ஏ. வைத்திருக்கும் 12 படிகளில் "நாங்கள் உணர்ந்துகொண்டபடியான இறைவன்" என்றுதான் இருக்கிறது. ஒருவருக்கு அது வற்றாப்பளை அம்மாள், ஒருவருக்கு மடு மாதா, ஒருவர் செத்துப்போன தன் தாயைச் சொல்கிறார். கடவுளே இல்லை என்கிற ஒருவரும் இருக்கிறார். அவர்தான் ஒரு கிழமையும் தவறாதவர்.

பதிவு இல்லை. இதை நம்ப வைப்பதுதான் எங்கள் ஊரில் கஷ்டம். நிவாரணத்தில் மீன் ரின்னுக்கும் கையொப்பம், பாய்க்கும் கையொப்பம் வைத்துப் பழகிய சனம். புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது "எங்கே கையொப்பம் வைப்பது?" என்பதுதான். இங்கே வரவுப் புத்தகம் இல்லை, படம் எடுப்பதில்லை, பின்னால் பதாகை இல்லை, சிற்றுண்டிப் பொதியும் இல்லை. வெளிக்காசு வாங்குவதில்லை என்பது கட்டுப்பாடு. ஒரு பால்மா ரின் கையிலிருந்து கைக்குப் போகும். போடுகிறவர் போடலாம், இல்லாதவர் அடுத்தவரிடம் கொடுக்கலாம். அது தேயிலை, சீனிச் செலவு. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் வேறொரு பெயரைச் சொல்லுங்கள். சொந்தப் பெயரை ஒளித்து வைத்து வாழ்ந்த பழக்கம் இங்கே பலருக்கு உண்டு.

அங்கே என்ன நடக்கும் என்றால், ஒரு பக்கம் வாசிப்போம், பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பேசுவோம். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. அதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. (இந்தப் பதிலின் நீளத்தைப் பார்த்தால் தெரியும்.) "இன்றைக்குப் பேச விருப்பமில்லை" என்றால் அடுத்தவர் தொடர்வார். திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். சேர்வதற்கு அந்த விருப்பம் ஒன்றுதான் தகுதி. விட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இதை வாசிக்கும் வேறு இடத்துக்காரர்களுக்கும் சொல்கிறேன். வவுனியாவோ மன்னாரோ, முதலில் மனநல கிளினிக்கில் டொக்டரை விடத் தாதியைக் கேளுங்கள். யார் திரும்பி வந்தார், யார் நன்றாக இருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் கைபேசியில் தமிழ்நாட்டுக் கூட்டங்கள் இருக்கின்றன, சூம் வழியாக. இந்திய நேரமும் எங்கள் நேரமும் ஒன்றே, கணக்குப் பார்க்கத் தேவையில்லை. படத்தை அணைத்துவிட்டு, காதுக்குள் கருவியைப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் இருந்து கேட்கலாம். நேரில் இருப்பது போல வராது; தேநீர்க் கோப்பை தட்டுகிற சத்தம் அதில் கேட்காது. ஆனாலும் இரவு 9 மணிக்கு மனம் தவறணைப் பக்கம் போகும்போது அது கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது.

விடுதித் தாதி:

மேசன் தம்பி 9 நாட்கள் விடுதியில் இருந்துவிட்டு வந்திருக்கிறார், நல்லது. இதை வாசித்துவிட்டு இன்றிரவே போத்தலை உடைக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சும்மா இராது. முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, கட்டிலுக்குக் கீழே யாரோ நிற்கிறார்கள் என்பார்கள். இந்த நேரத்தில்தான் பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியிடம் கொண்டுபோகிறார்கள். விபூதியைப் பிறகு பூசிக்கொள்ளலாம். அது உயிருக்கு ஆபத்தான நிலை. 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்கினால் பெரும்பாலும் இந்த நிலைக்குப் போகாமல் தடுக்கலாம். விற்றமின் பி1 ஊசியையும் நாங்கள் சும்மா போடுவதில்லை. குடியால் அது குறைந்து மூளையைத் தாக்கும்.

இன்னொன்று. பத்திரிகையில் வருகிற "அவருக்குத் தெரியாமல் தேநீரில் கலந்து கொடுங்கள்" தூளை வாங்காதீர்கள். குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அது குடிப்பவருக்குத் தெரிந்து, வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டியது. தெரியாமல் கொடுத்தால், அதன் மேல் அவர் குடித்தால், உயிரே போகலாம்.

பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் மனநல உதவிக்கு 1926, போதை சம்பந்தமாக 1927. தம்பி, ஒரு வேளை மீண்டும் குடித்துவிட்டாலும் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். குடித்த வெட்கத்தில் வராமல் போனவர்களைத்தான் நாங்கள் பிறகு மோசமான நிலையில் காண்கிறோம்.

முள்ளியவளை அக்கா:

நான் எழுதுவது மேசன் தம்பிக்கு அல்ல, அவருடைய மனைவிக்கு. தங்கச்சி, கைபேசியை அவரிடமிருந்து வாங்கி வாசியுங்கள்.

என் வீட்டுக்காரர் குடித்த 14 வருடத்தில் நான் பொலிஸ் வேலை பார்த்தேன். வாயை மணந்து பார்ப்பேன். தண்ணீர்ப் பம்பிக் கொட்டிலில் தேடுவேன். ஒரு தடவை யூரியா மூடைக்குள் கை விட்டு அரைப் போத்தல் எடுத்தேன். எடுத்து ஊற்றினேன், அவர் வேறு இடத்தில் ஒளித்தார். போயா தினத்தில் கடை பூட்டு, நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தால் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார். சமைக்க மறந்தேன், பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்தை மறந்தேன், அவர் எத்தனை மிடறு குடித்தார் என்பதை மட்டும் மறக்கவில்லை.

குடிப்பவரின் வீட்டாருக்கென்று தனிக் கூட்டம் இருக்கிறது. அல்-அனோன் என்று பெயர். 1951இல் தொடங்கியது, லொறிக்கார அண்ணா சொன்ன அந்தப் பில்லின் மனைவி லொயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். நான் கைபேசியில் கேட்கிறேன். அங்கே கேட்ட ஒன்று என்னை ஒரு நாள் முழுக்க அழ வைத்தது: அவருடைய குடியை நான் உண்டாக்கவும் இல்லை, என்னால் அதை அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. மாமியார் 14 வருடமாக எனக்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேசன் தம்பி, அவர் இன்னும் சில மாதம் உங்கள் வாயை மணந்து பார்ப்பார். கோபிக்காதீர்கள். சனிக்கிழமைக் கூலியை அவர் கையில் கொடுத்துவிடச் சொல்லி மேற்பார்வைக்காரரிடம் சொல்ல முடியுமா? என் வீட்டுக்காரர் அப்படித்தான் செய்தார். முதல் மாதம் சக வேலையாட்கள் சிரித்தார்கள். இரண்டாம் மாதம் அவர்களில் ஒருவருடைய மனைவி என்னிடம் வந்து எப்படி என்று கேட்டார்.

மேசன் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. மனைவி வாசித்தார். அக்காவின் பதிலை இரண்டு தடவை.

லொறிக்கார அண்ணா, தனிச்செய்தி கிடைத்தது. ஞாயிறு முடிந்து திரும்பிவர பஸ் கிடைக்குமா? பரந்தனில் இருட்டில் நிற்பது எனக்கு நல்லதல்ல. சந்தியில் எந்தெந்தக் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பழைய லொறிக்காரன்:

பஸ்ஸை நம்ப வேண்டாம். தருமபுரத்தில் இருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருகிறார், உங்களையும் ஏற்றி இறக்குவார். தலைக்கவசம் மட்டும் கொண்டு வாருங்கள். மூன்றரைக்குச் சந்தியில் நான் நிற்பேன். கையில் கச்சான் பையோடு நிற்கிற மொட்டைத் தலை.

மேசன் தம்பி:

போய் வந்தேன். இன்று 27ஆம் நாள்.

சனிக்கிழமையை முதலில் சொல்கிறேன். கொன்கிரீட் இருந்தது, போத்தலும் இருந்தது. வீட்டுக்காரரிடம் காலையிலேயே, "ஐயா, எனக்கு வைக்க வேண்டாம், வயிற்றில் வருத்தம்" என்றேன். பொய்தான். ஆனால் முழுப் பொய்யுமல்ல. கடைசிச் சட்டி கொட்டியதும் கை கழுவாமல் சைக்கிளை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கைகழுவும்போது சீமெந்து இறுகி மயிரோடு உரிந்தது.

ஞாயிறு மூன்றரைக்குச் சந்தி. கச்சான் பை, மொட்டைத் தலை, சரி. உள்ளே 6 பேர். அதில் ஒருவர் பெண், வயதானவர். அவர் யாருடைய மனைவியோ தாயோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் முறை வந்ததும் தன்னுடைய கசிப்பைப் பற்றிப் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், நினைத்த வெட்கத்தில்.

என் முறை வந்தபோது பெயரைச் சொன்னேன், சொந்தப் பெயரை. பிறகு பேச்சு வரவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். "27 நாள்" என்றேன், அது 26 என்று பிறகுதான் நினைவு வந்தது. தேநீர் வந்தது. ஒரு கையால் பிடித்தேன்.

ஒரு விஷயம். அங்கே சுவரோரம் இருந்தவரை எனக்குத் தெரியும். 2017இல் அவருக்கு நான் மதில் கட்டினேன். அந்த வருடம் நான் கட்டியவை எல்லாம் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவரும் என்னை அறிந்துகொண்டார், கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார், மதிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

லொறிக்கார அண்ணா, நீங்கள் அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். இன்று வேலைக்குப் போகிற வழியில் அந்தப் பக்கமாகப் போய்ப் பார்த்தேன். கேற்றிலிருந்து மூன்றாவது தூணில் சரிவு தொடங்குகிறது. 2 மூடை சீமெந்தும் ஒரு நாளும் போதும்.